ஒன்றரை என்று மட்டும் சொன்னேன்

உங்களில் சிலர் என்னைப் பார்த்திருப்பீர்கள். முகத்தைப் பார்த்திருக்க மாட்டீர்கள். இடுப்புக்குக் கீழே ஏணியிலும் இடுப்புக்கு மேலே ஃபால்ஸ் சீலிங்குக்குள்ளும் இருந்த ஆள் நான்தான். இருபத்தெட்டு வருஷம் டெல்லியில் காற்றுக் குழாய் வேலை பார்த்தேன். முட்டி இனி ஏணி ஏறாது என்று ஆனதும் நின்றுகொண்டேன். புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் வந்து கொஞ்சம் பேசச் சொன்னார்கள். நாலு பேர் முன்னால் நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதித் தருகிறேன் என்று சொல்லித் தப்பித்தேன். மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவனின் எழுத்து இது. தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் மற்றவர்களுக்கு ஹிந்தியில் சொல்லிவிடுங்கள்.

டக்ட் குழாயை எப்படித் தூக்குவது, எங்கே ஆணி அடிப்பது என்பதெல்லாம் உங்கள் மேஸ்திரி காட்டித் தருவார். எனக்குச் சொல்ல வேண்டியது ஒரு தப்பைப் பற்றி. அதைச் செய்தவன் நான்.

அதற்கு முன்னால் அழுத்தம் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஐ.என்.ஏ. மார்க்கெட் பக்கம் ஒரு ஹோட்டலில் சமையலறைப் புகை வெளியே போகவில்லை என்று கூப்பிட்டார்கள். முதலாளி ஏற்கெனவே பெரிய ஃபேன் போட்டிருந்தார். போதவில்லை என்று இன்னும் பெரிய ஃபேன் போட்டார். புகை அசையவில்லை. ஆனால் பின்கதவைத் திறக்க இரண்டு ஆள் தேவைப்பட்டது. வெளியே போகிற காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வர வழியே இல்லை. ஃபேன் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. நான் கதவை நாலு விரல் அகலம் திறந்து ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்தேன். இரண்டு நிமிஷத்தில் புகை போய்விட்டது. முதலாளி செங்கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பையா, ஈண்ட் தோ மேரே பாஸ் பீ தீ" என்றார். செங்கல் அவரிடமும் இருந்ததாம்.

அன்றைக்கு அந்தக் கதவை இறுக்கிப் பிடித்திருந்ததுதான் அழுத்தம். ஒரு கதவுக்கு இந்தப் பக்கம் இருக்கும் காற்றுக்கும் அந்தப் பக்கம் இருக்கும் காற்றுக்கும் உள்ள வித்தியாசம். நம் தொழிலில் பாதி அந்த வித்தியாசத்தை உண்டாக்குவது. மீதிப் பாதி அது இருக்கிறதா என்று அளந்து பார்ப்பது.

நான் அளக்கக் கற்றுக்கொண்டது தண்ணீரால். கொத்தனார் மட்டம் பார்க்கும் கண்ணாடி போன்ற ரப்பர் குழாயை எடுத்து வளைத்து, பாதி தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை அறைக்குள்ளும் ஒரு முனையை வெளியிலும் விட வேண்டும். அழுத்தம் அதிகமான பக்கம் தண்ணீர் இறங்கும், மறுபக்கம் ஏறும். இரண்டு மட்டத்துக்கும் நடுவில் எத்தனை மில்லிமீட்டரோ, அதுதான் அழுத்தம். அப்புறம் வட்ட முகமும் ஊசியும் வைத்த கேஜ் வந்தது. அதிலும் மில்லிமீட்டர்தான் போட்டிருந்தது. எங்கள் சைட்டுகளில் வேறு அளவே கிடையாது. அதனால் எண்ணை மட்டும் சொல்லிப் பழகிவிட்டோம். கீழேயிருந்து "எவ்ளோ?" என்று கேட்பார்கள். மேலேயிருந்து "ஒன்றரை" என்பேன். "அச்சா" என்று எழுதிக்கொள்வார்கள். ஒன்றரை என்ன என்று யாரும் கேட்டதில்லை.

தெற்கு டெல்லியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. அதன் ஏழாவது மாடியில் ஒரு தனி அறை. ரத்த நோய்க்குக் கடுமையான சிகிச்சை எடுப்பவர்களுக்கு உடம்பில் எதிர்ப்புச் சக்தி மொத்தமும் போய்விடும். நமக்கு ஒரு தும்மலோடு போகிற தூசி அவர்களைக் கொன்றுவிடலாம். அதனால் அந்த அறைக்குள் வடிகட்டிய காற்றை வெளியே போவதைவிட அதிகமாகச் செலுத்திக்கொண்டே இருப்பார்கள். உள்ளே அழுத்தம் கூடுதலாக இருக்கும். கதவிடுக்கு வழியாகக் காற்று வெளியே மட்டும்தான் போகும். வராந்தாக் காற்று உள்ளே நுழையாது. கதவுக்குப் பக்கத்துச் சுவரில் கேஜ். அதற்கு மேலே சுவரில் யாரோ எப்போதோ சிவப்புப் பெயிண்டில் எழுதி வைத்த எண்: 1.5. அதற்குக் கீழே ஊசி இறங்கக் கூடாது.

அது நவம்பர் மாதம். டெல்லியில் அப்போது வானம் தெரியாது, எதிர்ச் சாலை தெரியாது. போதாததற்கு அந்த வராந்தாவின் மறுகோடியில் தரை டைல்ஸை உடைத்துக்கொண்டிருந்தார்கள். பிளாஸ்டிக் ஷீட் கட்டித்தான் உடைத்தார்கள், ஆனாலும் தூசி தூசிதான்.

முந்தின நோயாளி போய், அறை அடுத்தவருக்காகக் காலியாக இருந்தது. பழைய கேஜின் ஊசி சிக்கிக்கொண்டது என்று திங்கட்கிழமை மத்தியானம் புதியதை மாட்டப் போனேன். மாட்டினேன். ஊசி எழுந்து பதினைந்தில் போய் நின்றது.

ஒன்றரை இருக்க வேண்டிய இடத்தில் பதினைந்து. பத்து மடங்கு. பழைய கேஜ் இத்தனை நாள் பொய் சொல்லியிருக்கிறது, அறை பலூன் மாதிரி உப்பிக்கொண்டிருக்கிறது, சீலிங் பிய்த்துக்கொண்டு வரப்போகிறது என்று நினைத்தேன். புது கேஜின் முகத்தில் பூஜ்யத்திலிருந்து முப்பது வரை கோடு இருந்தது. ஊசி சரியாக நடுவில் நின்றது. எந்த அளவுக் கருவியாக இருந்தாலும், வழக்கமாக நிற்க வேண்டிய இடம் நடுவில் வருகிற மாதிரிதான் பார்த்து வாங்குவார்கள். ஒன்றரை வேண்டிய இடத்துக்கு முப்பது வரை ஓடும் கேஜை எவனாவது வாங்குவானா என்று ஒரு கேள்வி என்னையே கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை.

இன்ஜினியரிடமாவது கேட்டிருக்கலாம். எங்கள் சைட் இன்ஜினியர் வைதேகி மேடம். வயது இருபத்தைந்து இருக்கும். சரோஜினி நகர் அரசாங்கக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்த பெண். தமிழ் பேசும்போது நடுவில் ஹிந்தி வந்து உட்கார்ந்துகொள்ளும். என்னை அண்ணா என்றுதான் கூப்பிடும். கேட்டால் சொல்லியிருக்கும். ஆனால் எனக்குத் தெரியாது என்று சொல்வதைவிட ஏணி ஏறுவது சுலபமாக இருந்தது. ஏறினேன். அறைக்குப் போகும் குழாயில் இருந்த காற்றைக் கூட்டிக் குறைக்கும் டாம்பரின் கைப்பிடியைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடினேன். காற்று குறைந்தது. இறங்கி இறங்கிப் பார்த்தேன். ஊசி பன்னிரண்டு, எட்டு, நாலு என்று வந்து, கடைசியில் ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே நின்றது. சிவப்பு எண்ணும் ஊசியும் ஒத்துப்போயின. நிம்மதியாக இருந்தது.

வார்டு சிஸ்டர் வந்தார். கேரளத்துக்காரர். நர்ஸிங் படித்தது சேலத்தில் என்பதால் என்னிடம் தமிழில் பேசுவார். உள்பக்கமாகத் திறக்கும் அந்தக் கதவை எப்போதும் உள்ளங்கையால் அழுத்தித் தள்ளுவார். அன்று தொட்டதும் திறந்துகொண்டது.

"அட! என்ன பண்ணீங்க அண்ணா? பூ மாதிரி திறக்குது. அந்த விசில் சத்தமும் இல்ல. இத்தன நாள் ராத்திரி டியூட்டி பொண்ணுங்க பேய் ஊதுதுன்னு சொல்லிட்டுக் கெடந்தாங்க."

"கேஜ் மாத்தினேன் சிஸ்டர்" என்றேன்.

"கேஜ் மாத்தினா கதவு லேசாகுமா? நல்ல கேஜ்தான்."

கதவு என்னிடம் உண்மையைச் சொன்னது. விசில் நின்றுபோய் உண்மையைச் சொன்னது. சிஸ்டர் விளையாட்டாகச் சொன்னதுகூட உண்மைதான். கேஜை மாற்றினால் கதவு லேசாகாது. நான் சிரித்துக்கொண்டு நின்றேன். பாராட்டு கேட்டுப் பழக்கமில்லாதவனுக்கு அது கிடைத்தால் மூளை வேலை செய்யாது.

மேடம் போன் செய்தது. "எவ்ளோ அண்ணா?"

"ஒன்றரை மேடம்."

"சூப்பர். எழுதிக்கறேன்." எழுதிக் கையெழுத்தும் போட்டது. ஏறி வந்து பார்க்கவில்லை. வழக்கமாக யாரும் பார்ப்பதில்லை.

புதன்கிழமை காலை ஒன்பதரை இருக்கும். மொட்டை மாடியில் காற்றைச் சுத்தம் செய்து அனுப்பும் பெரிய இயந்திரத்துக்குப் பக்கத்தில் நானும் மேடமும் நின்றோம். அங்கேயும் ஃபில்டருக்குப் புது கேஜ் மாட்டியிருந்தோம். நான் ஊசியைப் பார்த்துச் சொன்னேன். "இருநூத்தம்பது." மேடம் லாக் புக்கில் எழுதியது. எட்டிப் பார்த்தேன். 25 என்று இருந்தது.

"மேடம், இருநூத்தம்பதுன்னேன்."

"ஹாங் அண்ணா, சரிதான். புது கேஜ்ல பாஸ்கல் இருக்கு. புக்ல மில்லிமீட்டர் கட்டம். பத்தால வகுத்துப் போட்டேன்."

"பத்தாலயா?"

"கரெக்டா சொன்னா ஒம்போது புள்ளி எட்டு சம்திங். நம்ம வேலைக்குப் பத்து போதும். ஒரு மில்லிமீட்டர் தண்ணின்னா பத்து பாஸ்கல். சில மெஷின்ல இன்ச் போட்டிருக்கும். ஒரு இன்ச் தண்ணின்னா கிட்டத்தட்ட இருநூத்தம்பது பாஸ்கல். மத்லப், இதே ஃபில்டரை ஒண்ணுன்னும் சொல்லலாம், இருபத்தஞ்சுன்னும் சொல்லலாம், இருநூத்தம்பதுன்னும் சொல்லலாம். காத்து ஒண்ணுதான்."

"பாஸ்கல்னு எங்க போட்டிருக்கு?"

மேடம் விரலை வைத்துக் காட்டியது. முகத்தின் அடியில் எறும்பு அளவுக்கு இரண்டு ஆங்கில எழுத்து. பி, ஏ. இத்தனை வருஷத்தில் நான் கேஜில் எண்ணைத் தவிர வேறு எதையும் படித்ததில்லை.

"கீழ அந்த ரூம்ல போட்ட கேஜ்..."

"அதுவும் இதே பாக்ஸ்ல வந்ததுதான். ஏன் அண்ணா?"

நான் படியில் இறங்கி ஓடினேன். வராந்தாவில் கேஜுக்கு எதிரே போய் நின்றேன். அதே இரண்டு எழுத்து. பதினைந்து பாஸ்கல் என்றால் ஒன்றரை மில்லிமீட்டர். திங்கட்கிழமை நான் மாட்டியபோது அறை சரியாகவே இருந்திருக்கிறது. நான்தான் அதைப் பத்தில் ஒரு பங்காக்கியிருக்கிறேன். ஒன்றரை பாஸ்கல் என்பது ஒன்றுமே இல்லை. வராந்தாவில் யாராவது வேகமாக நடந்தாலோ, ஒரு லிஃப்ட் கதவு திறந்தாலோ காற்று திசை மாறி உள்ளே வந்துவிடும். இரண்டு நாளாக வந்திருக்கும்.

ஷூவுக்கு உறை போட்டுக்கொண்டு சுண்டுவிரலால் கதவைத் தள்ளினேன். திறந்தது. படுக்கைக்குப் பக்கத்தில் இருந்த டிவி பெட்டியின் கறுப்பு விளிம்பில் விரலை வைத்துத் தேய்த்தேன். விரல் நுனி சாம்பல் நிறமாக வந்தது.

சிஸ்டரின் மேஜையில் அன்றைய பட்டியல் இருந்தது. அந்த அறைக்குப் பதினோரு மணிக்கு ஆள். எட்டு வயசுப் பெண் குழந்தை.

வெளியே வந்து ஏணியைப் போட்டு டாம்பரைத் திறந்தேன். ஊசி ஏறிப் பதினைந்தில் நின்றது. கதவு கனத்தது. விசில் திரும்ப வந்தது. மேடம் மூச்சு வாங்க வந்து நின்றது. விஷயத்தைச் சொன்னேன். கேஜைப் பார்த்தது, கதவைத் தள்ளிப் பார்த்தது.

"இப்ப சரியாயிடுச்சு தானே அண்ணா?"

"ஊசி சரியா இருக்கு மேடம்."

"உள்ள இருக்கற காத்து முழுசும் மாறிடும் தானே? அரை மணில மாறிடும். பதினோரு மணிக்கு இன்னும் டைம் இருக்கு." கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்தது. "டிசம்பர்ல என் ப்ரொபேஷன் முடியறது. அப்பா ரிட்டயர் ஆயிட்டார், குவார்ட்டர்ஸ் காலி பண்ணியாச்சு. ஷீட்ல என் சைன் இருக்கு அண்ணா. பார்க்காம போட்டிருக்கேன்."

மேடத்தைக் குறை சொல்லாதீர்கள். அதே கணக்கை நானும் போட்டேன். எல்லாமே எனக்குச் சாதகமாக இருந்தது. ஷீட்டில் ஒன்றரை என்று இருக்கிறது, சுவரில் ஒன்றரை என்று இருக்கிறது, அறையில் இப்போது உண்மையிலேயே ஒன்றரை இருக்கிறது. இரண்டு நாள் நடந்தது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். வாயைத் திறக்காமல் இருப்பதுதான் எனக்கு நன்றாக வரும் ஒரே வேலை.

இந்த இடத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும் என்பது என் ஆசை. தப்பைத் திருத்திய பிறகு வருகிற அந்த அஞ்சு நிமிஷம். ஊசி சரியாக நின்றதும் மனசு ஆறிவிடும். வேலை முடிந்துவிட்டது என்று தோன்றும். ஊசி அந்த நேரத்து அழுத்தத்தைத்தான் காட்டும். நேற்று என்ன உள்ளே போனது என்று அதற்குத் தெரியாது. காற்று அரை மணியில் மாறிவிடும் என்று மேடம் சொன்னது சரி. படுக்கையிலும் திரையிலும் டிவி விளிம்பிலும் உட்கார்ந்துவிட்ட தூசி காற்றோடு எழுந்து போகாது.

நான் மேடத்திடம் எதுவும் விளக்கவில்லை. விரலைக் காட்டினேன்.

மேடம் அந்த விரலைப் பார்த்தது. பிறகு, "சொல்லிடலாம்" என்றது. அடுத்து, "யார் சொல்றது?" என்றது.

"டாம்பரைத் திருப்புனது நான்."

"நீங்க யார்கிட்டயும் பேசவே மாட்டீங்களே அண்ணா. போன மீட்டிங்ல உங்க பேரைக்கூட நான்தான் சொன்னேன்."

"இத சொல்லிடுவேன்."

போகிறபோது லிஃப்ட் திறந்தது. சக்கர நாற்காலியில் அந்தக் குழந்தை. ஊதா நிறக் கம்பளித் தொப்பி, முகத்தில் பாதி முகமூடி. பின்னால் இரண்டு பைகளைத் தோளில் மாட்டிக்கொண்டு அப்பா. ரோத்தக் பக்கத்துக்காரர், நெடிய ஆள். ஒன்பது ஐம்பதுக்கே வந்துவிட்டார்கள். டாக்டரும் சிஸ்டரும் அவர்களை வரவேற்றுக்கொண்டிருந்தார்கள். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்று நினைத்திருந்தேன். இனித் தனி இடம் இல்லை.

"என்ன அண்ணா, முகம் இப்படி இருக்கு?" என்றார் சிஸ்டர்.

ஹிந்தி நாக்கில் வரவில்லை. தமிழில்தான் சொன்னேன். "சிஸ்டர், அந்த ரூமுக்குக் குழந்தய அனுப்பாதீங்க. திங்கக்கிழம நான் அளவத் தப்பாப் படிச்சு காத்தக் கொறச்சிட்டேன். ரெண்டு நாளா வெளிக் காத்து உள்ள போயிருக்கு. இப்பத்தான் சரி பண்ணேன். ஆனா உள்ள தூசி இருக்கு."

சிஸ்டருக்குச் சிரிப்பு போய்விட்டது. "கதவு லேசாச்சே... அதுவா?"

"அதுதான்."

"நான் உங்களப் பாராட்டினேனே, கடவுளே!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு டாக்டர் பக்கம் திரும்பி ஹிந்தியில் மொத்தமும் சொன்னார். அப்பாவும் கேட்டுக்கொண்டிருந்தார்.

டாக்டர் என்னைத் திட்டவில்லை. இரண்டு கேள்வி கேட்டார். எந்த நேரத்திலிருந்து? வேறு எந்த அறையிலாவது கேஜ் மாற்றினாயா? திங்கட்கிழமை மத்தியானம் இரண்டு மணி, வேறு அறையில் மாற்றவில்லை என்றேன். அவர் கொஞ்சம் யோசித்து, சிஸ்டரிடம் சொன்னார்: மருந்து நாளைக் காலைதான் ஆரம்பிக்க இருந்தது, ஒரு நாள் தள்ளலாம், அறையை முழுக்க இரண்டு தடவை கழுவுங்கள், தூசி எண்ணும் கருவியை வைத்துப் பார்த்த பிறகுதான் குழந்தை உள்ளே போகும். போகும்போது என் பக்கம் திரும்பினார். "தவா ஷுரூ ஹோனே கே பாத் பதாதே, தோ மேரே பாஸ் கோயீ ராஸ்தா நஹீ தா." மருந்து ஆரம்பித்த பிறகு சொல்லியிருந்தால் அவருக்கும் வழி இருந்திருக்காது.

அப்பா திட்டினார். அவருக்குத் திட்ட உரிமை இருந்தது. மூன்று மாதமாக இந்த ஒரு அறைக்காகக் காத்திருக்கிறோம், ஊரில் எல்லாரையும் விட்டுவிட்டு வந்து தர்மசாலா சத்திரத்தில் கிடக்கிறோம், நீ ஒரு ஊசியைப் படிக்கத் தெரியாதவன் என் குழந்தையின் உயிரோடு விளையாடுகிறாயா என்று சத்தம் போட்டார். "பட்னா நஹீ ஆத்தா தோ காம் க்யோன் கர்தா ஹை?" படிக்கத் தெரியாவிட்டால் ஏன் வேலைக்கு வருகிறாய்? கை ஓங்கிவிட்டது. குழந்தை "பாப்பா" என்றது. கை இறங்கியது. நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அடித்திருந்தாலும் நின்றிருப்பேன்.

அப்போது மேடம் எனக்கு முன்னால் வந்து நின்றது. "சைன் மேரா ஹை, அங்கிள். மைனே தேகே பினா கியா." கையெழுத்து என்னுடையது, பார்க்காமல் போட்டேன் என்றது. அப்பா மேடத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நாற்காலியைத் திருப்பிக்கொண்டு லிஃப்ட் பக்கம் போய்விட்டார்.

ஆஸ்பத்திரியின் பராமரிப்பு அதிகாரி பத்து நிமிஷத்தில் வந்தார். எங்கள் இரண்டு பேரையும் நிற்க வைத்துக் கேட்டார். மேடத்துக்கு எழுத்தில் விளக்கம் கொடுக்கச் சொன்னார். எனக்கு, "ஆஜ் சே இஸ் ஃப்ளோர் பர் நஹீ" என்றார். இன்றிலிருந்து இந்த மாடியில் கால் வைக்கக் கூடாது. அடித்தளத்தில் தண்ணீர் பம்புகளோடு போய் இரு என்று அனுப்பினார்.

பம்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றை யோசித்துக்கொண்டிருந்தேன். எண் மட்டும் சொல்லும் பழக்கம் எங்கள் எல்லாருடையதும். ஆனால் கதவு லேசானதைக் கையால் தெரிந்துகொண்டும் கேட்காமல் இருந்தது என் தனிப் பழக்கம். அதனால் உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன். அளவைச் சொல்லும்போது எண்ணோடு அலகையும் சேர்த்துச் சொல்லுங்கள், "பதினைந்து பாஸ்கல்" என்று முழுதாக. கேட்பவர் அலுத்துக்கொண்டாலும் சொல்லுங்கள். புது கேஜ் மாட்டினால், எதையும் திருப்புவதற்கு முன்னால் அதன் முகத்தில் இருக்கும் எல்லா எழுத்தையும் படியுங்கள். படிக்க வராவிட்டால் பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லுங்கள். ஐந்தாவது படித்தவன் என்பதில் வெட்கமில்லை. எனக்கு அது அன்றுதான் தெரிந்தது. எண்ணும் கையும் வேறு வேறு சொன்னால், இரண்டும் ஒன்று சொல்லும் வரை டாம்பரைத் தொடாதீர்கள்.

வியாழக்கிழமை மூன்று மணிக்குப் போன் வந்தது. மேடம்தான். "அண்ணா, ஜல்தி மேல வாங்க."

"எனக்கு அந்த மாடி கூடாதுன்னாங்களே."

"அவங்கதான் கூப்பிடறாங்க. வாங்க."

இன்னும் ஏதோ தப்பு வெளியே வந்துவிட்டது என்று நினைத்தேன். லிஃப்டுக்குக் காத்திருக்க முடியாமல் நடந்தே ஏறினேன். ஐந்தாவது மாடியில் முட்டி பிடித்துக்கொண்டது. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஏறினேன்.

வராந்தா முழுக்க பினாயில் வாசனை. டைல்ஸ் உடைப்பதை நிறுத்தியிருந்தார்கள். அறைக்கு வெளியே டாக்டர், சிஸ்டர், பராமரிப்பு அதிகாரி, மேடம் எல்லாரும் நின்றார்கள். நடுவில் சக்கர நாற்காலி. அதன் கைப்பிடியை அப்பா இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். தூசிக் கருவியின் சீட்டை அதிகாரி அவரிடம் காட்டிக்கொண்டிருந்தார். எல்லாம் சரியாக இருக்கிறது, கணக்கு நன்றாக வந்திருக்கிறது, டாக்டரே பார்த்துவிட்டார் என்று மூன்றாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா சீட்டைப் பார்க்கவே இல்லை. நான் வருவதைப் பார்த்துவிட்டு முகத்தால் என்னைச் சுட்டிக் காட்டினார்.

"கல்த்தீ இஸீ நே பதாயீ தீ நா? ஸஹீ ஹை, யே பீ யஹீ போலேகா."

தப்பு நடந்ததைச் சொன்னவன் இவன்தானே, சரியாகிவிட்டது என்பதையும் இவனே சொல்லட்டும் என்றார். கோபம் குறைந்த குரல் இல்லை அது. மன்னித்த குரலும் இல்லை.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அதிகாரி ஒதுங்கி வழி விட்டார். நான் கேஜுக்கு எதிரே போய் நின்றேன். எண்ணைப் படித்தேன். அடியில் இருந்த எழுத்தைப் படித்தேன். கதவில் உள்ளங்கையை வைத்துத் தள்ளினேன். அது எதிர்த்தது. விட்டேன், தானாக அழுத்திச் சாத்திக்கொண்டது. குனிந்து கதவிடுக்கில் புறங்கையை வைத்தேன். ஜில்லென்று வெளியே வந்துகொண்டிருந்தது காற்று. அவசரப்படவில்லை. யாரும் அவசரப்படுத்தவும் இல்லை.

நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். "பந்த்ரா பாஸ்கல். ஸஹீ ஹை." பதினைந்து பாஸ்கல், சரியாக இருக்கிறது.

அவர் என் கண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நாற்காலியின் கைப்பிடியிலிருந்து கைகளை எடுத்து, குழந்தையைச் சிஸ்டரிடம் விட்டார்.